பத்து நிமிட இருட்டும் ஒரு குடம் தண்ணீரும்

ஃபிலிமை டெவலப் செய்வதை எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்களில் ‘கழுவுவது’ என்பார்கள். “படம் கழுவியாச்சா?” “ரோல் முடியட்டும், நாளைக்குக் கழுவித் தர்றேன்.” சின்ன வயதில் இதைக் கேட்டபோது ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். மடிப்பாக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் குளியலறையில், தனித்தனித் தாளாக வரும் நாலுக்கு ஐந்து அங்குல ஷீட் ஃபிலிமை நானே கழுவத் தொடங்கிய பிறகுதான் அந்தச் சொல் எவ்வளவு பொருத்தமானது என்று புரிந்தது. வேலையில் பெரும்பகுதி தண்ணீரோடுதான்.

யாரிடம் சொன்னாலும் முதல் கேள்வி ஒன்றுதான். “வீட்லயே டார்க் ரூம் வச்சிருக்கீங்களா?” இல்லை. இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், அம்மா, நான், துணி காயப்போட ஒரு பால்கனி. இவ்வளவுதான் இடம். இருட்டறை இல்லையே என்று பெரிய ஃபார்மட் பக்கமே வராமல் நிற்கும் நண்பர்கள் சிலர் எனக்கு உண்டு. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஷீட் ஃபிலிமுக்கு இருட்டு பத்து நிமிடம் போதும். அதை எந்த வீட்டிலும் உண்டாக்கிவிடலாம். நம் ஊரில் உண்மையான சோதனை தண்ணீர்தான்: அதன் சூடு, அதில் கரைந்திருக்கும் உப்பு, சில வருடங்களில் அது வராமலே போவது.

இவ்வளவு சிரமப்பட்டு ஏன் வீட்டிலேயே கழுவ வேண்டும் என்பதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. நாலுக்கு ஐந்து ஷீட் ஒன்றில் படம் பதியும் பரப்பு 35 மி.மீ. ஃபிரேம் ஒன்றைப்போல ஏறத்தாழ 13 மடங்கு. ஆனால் அளவைவிடப் பெரிய விஷயம், ஒவ்வொரு ஷீட்டும் தனித்தனி என்பது. ரோலில் 36 படங்களுக்கும் ஒரே நேரம்தான் கொடுக்க முடியும். ஷீட்டில் அப்படியில்லை. கோயில் மண்டபத்துக்குள் நின்று வெளிப் பிராகாரத்தின் உச்சி வெயிலையும் சேர்த்து எடுத்திருந்தால் அந்த ஒரு ஷீட்டை மட்டும் குறைந்த நேரம் டெவலப் செய்து வெளிச்சப் பகுதியை அடக்கலாம். மழைநாள் மங்கலில் எடுத்ததைக் கூடுதல் நேரம் வைத்து உயிர் கொடுக்கலாம். அமெரிக்கப் புகைப்படக்காரர்களான ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த, வெளிச்சத்தை அளந்து அதற்கேற்ப டெவலப் செய்யும் ஸோன் முறையின் பாதி இதுதான். கழுவும் இடத்தில் நாமே இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும்.

முதலில் இருட்டை முடித்துவிடுவோம்.

ஷீட் ஃபிலிமைக் கேமராவுக்குள் வைக்கும் சட்டத்துக்கு ஹோல்டர் என்று பெயர். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு ஷீட் பிடிக்கும். மேலே இழுத்து எடுக்கும் தகட்டின் கைப்பிடி ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால் ஷீட் இன்னும் புதிது, கறுப்பு தெரிந்தால் எடுத்தாகிவிட்டது. ஃபிலிமின் ஒரு மூலையில் சின்னச் சின்ன வெட்டுக்குறிகள் இருக்கும். ஷீட்டை நீளவாக்கில் நிமிர்த்திப் பிடிக்கும்போது அந்தக் குறி வலது மேல்மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டால் மருந்து பூசிய பக்கம் நம்மைப் பார்க்கிறது என்று அர்த்தம். ஃபிலிமுக்கு ஃபிலிம் இந்த வெட்டின் வடிவம் மாறும் என்பதால் எந்த ஃபிலிம் என்பதையும் விரலே சொல்லிவிடும். பாழான ஒரு ஷீட்டை வைத்துக்கொண்டு கண்ணைத் திறந்து ஒரு நாள், மூடிக்கொண்டு ஒரு நாள் பழகினால் போதும். நான் அம்மாவோடு சீரியல் பார்த்துக்கொண்டே பழகினேன்.

ஹோல்டரிலிருந்து ஷீட்டை எடுத்து வெளிச்சம் புகாத டாங்கில் போட்டு மூடும் வரைதான் முழு இருட்டு வேண்டும். எங்கள் குளியலறையின் வென்டிலேட்டருக்கு அளவாக வெட்டிய கறுப்பு சார்ட் அட்டை, கதவுக்கடியில் மடித்து வைத்த துண்டு, இரவு பத்து மணி. அவ்வளவுதான் ஏற்பாடு. விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கண் இருட்டுக்குப் பழகிய பிறகு மடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்க்க வேண்டும். தாள் தெரிந்தால் எங்கோ ஒழுகுகிறது. தெரு விளக்கும் சேர்ந்து அணையும் மின்வெட்டு இரவுகள் இந்த வேலைக்குக் கிடைத்த வரம்.

ஒருமுறை கீசர் ஸ்விட்சின் சிவப்பு விளக்கை மறந்துவிட்டேன். கடுகளவு வெளிச்சம்தான். ஃபிலிமை அதற்கு நேரே கையில் பிடித்துக்கொண்டு குறியைத் தடவித் தேடியிருக்கிறேன். கழுவி எடுத்தபோது நான்கில் இரண்டு ஷீட்டின் விளிம்பில் புகை படிந்தாற்போல் மங்கல் ஏறியிருந்தது. சினிமாவில் காட்டும் சிவப்பு விளக்கு பேப்பருக்கானது. எஃப்.பி.4, எச்.பி.5 போன்ற பான்குரோமாட்டிக் ஃபிலிம்களுக்குச் சிவப்பும் தெரியும். கீசர், வாஷிங் மெஷின், ரேடியம் முள் வைத்த கைக்கடிகாரம், செல்போன் எல்லாமே அதற்கு வெளிச்சம்தான்.

சேஞ்சிங் பேக் என்று ஒரு கறுப்புத் துணிப்பை உண்டு. கையை உள்ளே விட்டு வேலை செய்யலாம். குளிர் ஊர்க்காரர்கள் அதைப் புகழ்ந்து தள்ளுகிறார்கள். சென்னையில் மே மாதம் அதற்குள் கையை விட்டால் மூன்று நிமிடத்தில் உள்ளங்கை வியர்த்து, பைக்குள் காற்றே ஈரமாகி, ஷீட் விரலில் ஒட்டுகிறது. ஒட்டிய இடத்தில் ரேகை விழுகிறது. குளியலறையே மேல். அதே ஈரம் காரணமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபிலிம் பெட்டியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே பிரிக்காதீர்கள். இரண்டு மூன்று மணி நேரம் வெளியே கிடந்து குளிர் விடட்டும். இல்லாவிட்டால் சோடா பாட்டில் வியர்ப்பதுபோல் ஃபிலிமின் மேல் நீர் பூக்கும்.

டாங்க் விஷயத்தில் நான் ஒரு தவறோடுதான் தொடங்கினேன். ரோல் ஃபிலிமுக்கு எல்லோரும் வைத்திருக்கும் பேட்டர்சன் டாங்கிலேயே ஷீட்டைக் கழுவலாம் என்று படித்திருந்தேன். மருந்துப் பக்கம் உள்ளே இருக்கும்படி ஷீட்டை வளைத்து, தலைமுடிக்குப் போடும் ரப்பர் பேண்டை மாட்டி டாங்கில் நிறுத்திவிட வேண்டும். டாக்கோ முறை என்று பெயர். நல்ல முறைதான். ஆனால் நடுவில் உள்ள குழாய் இடத்தை அடைக்கிறதே என்று அதை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். மூடியின் புனலும் அந்த நடுக்குழாயும் சேர்ந்துதான் வெளிச்சத்தைத் தடுக்கின்றன என்பது தெரியாது. விளக்கைப் போட்டேன், மருந்தை ஊற்றினேன், நிதானமாகக் குலுக்கினேன். வெளியே வந்தவை நான்கு கன்னங்கரிய ஷீட்டுகள். அவற்றில் ஒன்று திருவாரூர்த் தேர். அந்தத் தேரோட்டத்துக்கு இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று. யார் டாக்கோ முறையைக் கேட்டாலும் நான் முதலில் சொல்வது அந்தக் குழாயைப் பற்றித்தான்.

இப்போது என்னிடம் இருப்பது எஸ்.பி.-445 என்னும் தட்டையான டாங்க். நான்கு ஷீட், 475 மில்லி மருந்து. மாட்-54 என்று பேட்டர்சன் டாங்குக்குள் வைக்கும் ஒரு பிளாஸ்டிக் சட்டமும் உண்டு. அது ஆறு ஷீட் பிடிக்கும், ஆனால் ஒரு லிட்டர் மருந்து கேட்கும். நான் 475 மில்லியைத் தேர்ந்ததற்குக் காரணம் தண்ணீர்.

2019 கோடையில்தான் இந்த வேலையைத் தொடங்கினேன். சென்னைக்காரர்களுக்கு அந்த வருடத்தை விளக்க வேண்டியதில்லை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நகரத்துக்குத் தண்ணீர் தந்த முக்கியமான நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றிப்போயிருந்தன. எங்கள் தெருவுக்கு லாரி வரும் நேரம் யாருக்கும் தெரியாது. குடங்களை வரிசையில் வைத்துவிட்டு ஆளாளுக்குக் காவல் இருந்தோம். அந்த மாதத்தில் நான் படித்த பழைய கையேடு, “ஃபிக்ஸ் செய்தபின் ஓடும் குழாய் நீரில் அரை மணி நேரம் கழுவவும்” என்றது. ஃபிக்ஸ் செய்வது என்றால், டெவலப் ஆன படம் நிலைத்து நிற்க ஃபிக்ஸர் என்னும் மருந்தில் ஊறவைப்பது. படித்துவிட்டு மூடி வைத்தேன். அரை மணி நேரம் குழாயைத் திறந்து விடுவது என்ற எண்ணமே அன்றைக்குத் தவறாகப் பட்டது.

அப்புறம்தான் ஃபிலிம் தயாரிக்கும் இல்ஃபோர்டு நிறுவனம் சொல்லும் கழுவும் முறை கண்ணில் பட்டது. ஃபிலிமின் பூச்சை இறுக்கும் ஹார்ட்னர் கலக்காத ஃபிக்ஸராக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. டாங்கில் நீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்து நிமிர்த்திக் கொட்டிவிட வேண்டும். மறுபடி நிரப்பிப் பத்து முறை. மறுபடி நிரப்பி இருபது முறை. அவ்வளவுதான், ஃபிலிம் சுத்தம். அடிப்படை எளிமையானது. ஃபிலிம் மேல் பூசிய ஜெலட்டினுக்குள் ஊறியிருக்கும் ஹைப்போ, அதாவது ஃபிக்ஸர் உப்பு, தன்னைச் சுற்றியுள்ள நீரில் தன் அளவு குறைவாக இருக்கும் வரை வெளியே வந்துகொண்டிருக்கும். சமநிலை வந்ததும் நின்றுவிடும். அந்த நேரத்தில் நீரை மாற்றினால் மறுபடி வெளியேறத் தொடங்கும். ஓடும் நீரில் முக்கால்வாசி, ஃபிலிமைத் தொடாமலே சாக்கடைக்குப் போகிறது.

என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முன்நனைப்புக்கு அரை லிட்டர், டெவலப்பர் அரை, நிறுத்தும் நீர் அரை, ஃபிக்ஸர் அரை, மூன்று கழுவலுக்கு ஒன்றரை, கடைசி அலசலுக்கு அரை. மொத்தம் நான்கு லிட்டர். ஒரு குடத்தில் பாதிகூட வராது. ஃபிக்ஸரைப் பாட்டிலில் வைத்து மறுபடி பயன்படுத்தலாம் என்பதால் இன்னும் குறையும்.

இந்தக் கணக்கு என் வேலையையே மாற்றிவிட்டது. நான்கு லிட்டர்தான் வேண்டும் என்றால் குழாயை நம்பவே வேண்டாமே! கேன் தண்ணீரில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். எங்கள் போர்வெல் நீரைக் காயவிட்டால் பக்கெட்டின் அடியில் வெள்ளையாக உப்புப் படியும். ஃபிலிமில் அதே உப்பு துளித்துளியாக வட்டம் போடும். கேன் தண்ணீரில் அந்தத் தொல்லை மிகவும் குறைவு. கடைசி அலசலுக்கு மட்டும் பெட்ரோல் பங்கில் பேட்டரிக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கிவிடுவேன்.

அளவு கைக்குள் வந்த பிறகு சூடும் கைக்குள் வந்துவிட்டது. இதுதான் நான் எழுத நினைத்த முக்கியமான விஷயம்.

பெரும்பாலான கறுப்பு வெள்ளை ஃபிலிம் பெட்டிகளைப் பிரித்தால் உள்ளே இருக்கும் அட்டவணை 20 டிகிரி செல்சியஸ் என்றுதான் தொடங்கும். அது வேறு நாட்டுக் குழாய்த் தண்ணீர். எங்கள் மொட்டைமாடித் தொட்டியின் நீர் கத்திரி வெயில் மதியத்தில் 38 டிகிரி காட்டியிருக்கிறது. இரவு முழுக்க ஆறினாலும் விடியற்காலை 32-க்குக் கீழே வருவதில்லை. சூடு ஏறினால் இரண்டு விஷயம் நடக்கும். ஒன்று, டெவலப்பர் வேகமாக வேலை செய்யும். இல்ஃபோர்டு கொடுக்கும் உதாரணம் மனதில் நிற்கும்: 20 டிகிரியில் 4 நிமிடம் என்றால் 23-இல் 3 நிமிடம், 16-இல் 6 நிமிடம். அதே கணக்கை நீட்டினால், எஃப்.பி.4 பிளஸ் ஃபிலிமுக்கு ஐடி-11 டெவலப்பரைச் சமபாகம் நீர் கலந்து ஊற்றும்போது 20 டிகிரியில் 11 நிமிடம், 24-இல் ஏழரை நிமிடம். 32-க்குப் போனால் நாலு நிமிடம்கூட வராது. ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் ஊற்றும் நேரமும் கொட்டும் நேரமுமே பெரிய பங்கு ஆகிவிடும், வானம் திட்டுத்திட்டாக வரும்.

இரண்டாவது, ஜெலட்டின். ஃபிலிமில் வெள்ளி உப்பைப் பிடித்துவைத்திருப்பது அதுதான். வெதுவெதுப்பான நீரில் அது உப்பி இளகும். நகம் பட்டால் உரியும். இன்றைய ஃபிலிம்களின் ஜெலட்டின் முன்பைவிட நன்றாக இறுக்கப்பட்டது என்றாலும் 30 டிகிரிக்கு மேல் ஷீட்டின் ஈர மருந்துப் பக்கத்தைத் தொட எனக்குத் துணிவில்லை. அந்தக் காலத்தில் வெப்ப நாடுகளுக்கென்றே சோடியம் சல்பேட் கலந்த டெவலப்பர்கள் இருந்தன. அந்த உப்பு ஜெலட்டினை அதிகம் ஊறவிடாமல் தடுக்கும். அப்புறம் குரோம் படிகாரத்தில் முக்கி இறுக்குவார்கள்.

இதை எனக்குச் சொன்னவர் மயிலாடுதுறையில் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு பெரியவர். கடையை மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. பழைய பீங்கான் ட்ரேக்கள் விலைக்கு இருக்கின்றன என்று கேள்விப்பட்டுப் போனேன். ட்ரே வாங்கியது பத்து நிமிடம், பேசியது மூன்று மணி நேரம். அவர் மேசை மேல் ‘இந்து’ போட்டோ பேப்பர் பெட்டி ஒன்று இருந்தது. உதகமண்டலத்தில் 1960-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸின் பெட்டி. குளிர்ந்த, தூசு குறைந்த காற்று வேண்டும் என்றுதான் அந்தத் தொழிற்சாலையை மலைமேல் வைத்தார்கள். “தம்பி, அவங்க ஊட்டி குளிர்ல செஞ்சு அனுப்புவாங்க, நாம இந்த வெயில்ல கழுவணும்” என்றார்.

“நீங்க எப்படி ஐயா சமாளிச்சீங்க?”

“பானைதான். மணலைக் கொட்டித் தண்ணி தெளிச்சு, அதுல பானையைப் பதிச்சு வச்சிருவேன். மருந்து பாட்டில் பானைக்குள்ள. ஐஸ் வாங்கிப் போடலாம், ஆனா அது தப்பு. டெவலப்பர் ஜில்லுனு இருந்து, ஹைப்போ சுட்டு, அப்புறம் குழாய்த் தண்ணி அதைவிடச் சுட்டா ஃபிலிம் மேல பூசின மருந்து சுருங்கிச் சுருங்கி விரியும். படம் மேல வலை வலையா கோடு விழும். எத்தனை டிகிரிங்கிறது அப்புறம். எல்லாம் ஒரே டிகிரியா இருக்கணும்.”

அந்த ஒரு பேச்சுக்காக நான் அவருக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். அதுவரை நான் டெவலப்பரை மட்டும் பாடுபட்டு 20-க்குக் கொண்டுவந்து, மற்றதையெல்லாம் குழாய் போக்கில் விட்டிருந்தேன். அவர் சொன்ன பிறகு 20-ஐத் துரத்துவதை விட்டுவிட்டேன். இப்போது எனக்கு எல்லாமே 24. முன்நனைப்பும் 24, டெவலப்பரும் 24, ஃபிக்ஸரும் 24, கடைசி டிஸ்டில்டு வாட்டரும் 24. இருபது டிகிரி மருந்தைச் சென்னை அறையில் வைத்தால் கண் முன்னாலேயே ஏறும். 24 என்றால் ஏறுவது மெதுவாக இருக்கும்.

செய்வது எளிது. முதல் நாள் இரவே இரண்டு பாட்டில் நீரை ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். கேன் நீர் 31 டிகிரி, ஃபிரிட்ஜ் நீர் 6 டிகிரி என்றால், நான்கு லிட்டரை 24-க்குக் கொண்டுவர ஃபிரிட்ஜ் நீர் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படும். மருந்து பாட்டில்களையும் டாங்கையும் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் அதே 24 டிகிரி நீரில் நிறுத்துவேன். அந்த டப் நீர் குழாய் நீராக இருந்தால் போதும். பாலிதீன் கவரில் கட்டிய ஐஸ் கட்டி அதில் மிதந்தால் ஒரு மணி நேரத்துக்கு அசையாது. பானையையும் முயன்று பார்த்தேன். மயிலாடுதுறை உள்ளூர்க் காற்றில் அது எப்படி வேலை செய்ததோ, சென்னையின் கடற்காற்று ஈரத்தில் பானை நீர் மூன்று டிகிரிக்கு மேல் இறங்கவில்லை. காற்று ஈரமாக இருந்தால் பானை வியர்க்காது, வியர்க்காவிட்டால் குளிராது.

தெர்மாமீட்டர் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அது அரை டிகிரி தவறாகக் காட்டினாலும் பரவாயில்லை, எப்போதும் ஒரே மாதிரி தவறாகக் காட்டினால் சரி.

டெவலப்பரை நானே கலக்குகிறேன். டி-23 என்னும் பழைய கோடக் சூத்திரம். ஒரு லிட்டருக்கு மெட்டால் 7.5 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம். இரண்டே பொருள். பாரிமுனைப் பக்கத்து ரசாயனக் கடைகளில் சல்ஃபைட் சுலபமாகக் கிடைக்கும், மெட்டாலுக்குக் கொஞ்சம் அலைய வேண்டும். முதலில் ஒரு சிட்டிகை சல்ஃபைட்டைக் கரைத்து, அப்புறம் மெட்டால் முழுவதையும் கரைத்து, அதன் பிறகே மீதி சல்ஃபைட். முழு சல்ஃபைட்டையும் முதலில் போட்டுவிட்டால் மெட்டால் கரைய மறுக்கும். சிலருக்கு மெட்டால் தோலில் பட்டால் அரிப்பும் புண்ணும் வரும், வந்தால் லேசில் போகாது. கையுறை இல்லாமல் இதைத் தொடவே கூடாது. சமையலறைத் தராசு, கரண்டி எதையும் இதற்கு எடுக்கக் கூடாது. என் தராசு தனி, அதில் பெரிய எழுத்தில் ‘மருந்து’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இனி, பணம். நல்ல ஷீட் ஃபிலிம் இங்கே வெளிநாட்டிலிருந்து வந்தாக வேண்டும், ஒவ்வொரு ஷீட்டும் யோசிக்க வைக்கும் விலை. பழகுவதற்கு அதைப் பயன்படுத்த வேண்டாம். மருத்துவ எக்ஸ்ரே ஃபிலிம் வாங்குங்கள். எட்டுக்குப் பத்து அங்குல ஷீட்டை நான்காக வெட்டினால் நான்கு துண்டு கிடைக்கும். ஆனால் ஹோல்டருக்குள் போக வேண்டிய ஷீட் நாலுக்கு ஐந்தைவிடக் கொஞ்சம் சிறியது. ஓரத்தில் ஒன்றிரண்டு மி.மீ. சீவாவிட்டால் பாதியில் சிக்கிக்கொள்ளும். இதில் பெரிய வசதி, இந்த ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு ஜீரோ வாட் பல்பை ஏற்றிவிட்டுத் திறந்த ட்ரேயில் போட்டு, படம் மெல்ல மெல்ல எழுந்து வருவதைக் கண்ணால் பார்க்கலாம். பல்பு நம்பகமானதுதானா என்று பார்க்க, ஒரு துண்டின் மேல் நாணயத்தை வைத்து ஐந்து நிமிடம் அந்த வெளிச்சத்தில் விட்டுவிட்டுக் கழுவிப் பாருங்கள். நாணயத்தின் வட்டம் தெரிந்தால் பல்பை மாற்ற வேண்டும்.

எக்ஸ்ரே ஃபிலிமில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் மருந்து இருக்கும். ட்ரேயின் அடி உரசினால் கீறல். நான் ட்ரேக்குள் ஒரு கண்ணாடித் துண்டைப் போட்டு அதன் மேல் ஷீட்டைக் கிடத்துவேன். ரோடினால் என்னும் டெவலப்பர் நூற்றுக்கு ஒன்று, அடிக்கடி கண்ணால் பார்த்துக்கொண்டே. சிவப்பு தெரியாத ஃபிலிம் உலகத்தை வேறு மாதிரி பார்க்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கோயில் மதிலில் வெள்ளையும் காவியும் அடித்த பட்டைகளை எடுத்தேன். காவி முழுக் கறுப்பாக வந்தது. அரக்குச் சிவப்புப் புடவை கறுப்புப் புடவை ஆனது. அம்மா நெற்றிக் குங்குமம் மையிட்ட பொட்டுபோல. வானம் மட்டும் வெற்று வெள்ளை. ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858 வாக்கில் மதுரையிலும் தஞ்சாவூரிலும் எடுத்த படங்களில் வானம் வெறுமையாக இருப்பதற்கும் இதேதான் அடிப்படை. அவர் மெழுகூட்டிய காகித நெகட்டிவில் எடுத்தார். அந்தக் காலத்து மருந்துக்கு நீலத்தின் பக்கம்தான் கண். அவர் காலத்தில் கண்ணாடியில் ஈரமாகப் பூசி எடுக்கும் முறையும் வந்துவிட்டது. ஆனால் அதில் பூசிய மருந்து காய்வதற்குள் எடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். நம் வெயிலில் அது எவ்வளவு வேகமாகக் காய்ந்திருக்கும்! மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்து எடுத்துச் செல்லலாம், சாவகாசமாகக் கழுவலாம். மாட்டுவண்டிக் காலத்து மதுரைக்கு அது பொருந்தியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஃபிக்ஸரைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்பதை ஜான் ஹெர்ஷல் 1819-இலேயே கண்டுபிடித்து எழுதிவிட்டார். அந்தக் கரைந்த வெள்ளி முழுவதும் நம் பாட்டிலில்தான் தங்குகிறது. அதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், நீரில் வாழும் உயிர்களுக்கு அது நஞ்சு. எங்கள் வீட்டில் ஐந்து லிட்டர் கேனில் சேர்த்து வைக்கிறேன். நிறைந்ததும், பழைய எக்ஸ்ரே ஃபிலிமிலிருந்து வெள்ளி எடுக்கும் தொழில் செய்பவர் ஒருவரிடம் கொடுத்துவிடுவேன்.

கழுவி முடித்தாலும் வேலை முடியவில்லை. ஈர ஷீட்டை ஒரு மூலையில் கிளிப் போட்டுச் சாய்வாகத் தொங்கவிட்டால் நீர் எதிர் மூலைக்கு வடிந்துவிடும், நடுவில் தங்காது. மின்விசிறி கூடவே கூடாது, தூசைக் கொண்டுவந்து ஜெலட்டினில் ஒட்டிவிடும். கழுவுவதற்கு முன் குளியலறைச் சுவர்களில் நீரைத் தெளித்துவிட்டால் பறக்கும் தூசு அடங்கும். வேறு ஊர்க்காரர்கள் எழுதாத ஒன்று: ஐப்பசியில் முதல் மழைக்கு ஈசல் கிளம்பும் இரவில் ஃபிலிம் கழுவாதீர்கள். ஈர ஜெலட்டினில் அவை ஒட்டிக்கொள்ளும். ஒரு காலை நான் கதவைத் திறந்தபோது நான்கு ஷீட்டிலும் இறகுகள் ஒட்டியிருந்தன, ஒன்றின் நடுவே சிறு பூச்சி மேய்ந்த தடம் வளைந்து வளைந்து போயிருந்தது. இப்போது கொடியைச் சுற்றிக் குழந்தைகளுக்குப் போடும் கொசுவலை ஒன்றைக் கவிழ்த்துவிடுகிறேன்.

மார்கழி எனக்குப் பிடித்த மாதம் ஆனதற்கு இதெல்லாம் காரணம். சென்ற மார்கழியில் அம்மா வாசலில் போட்ட கோலம் ஒன்றை எடுத்தேன். 15 புள்ளி, 8 வரை இடுக்குப்புள்ளி, சிக்குக் கோலம். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்து, ஆறரை மணி வெளிச்சத்தில், இரண்டு ஷீட். மறுநாள் அதிகாலை நாலரைக்கு எழுந்து குளியலறையில் டாங்கில் போட்டுவிட்டு விளக்கைப் போட்டேன். வழக்கப்படி ஃபிரிட்ஜ் பாட்டிலை எடுக்கப் போகும்போது, எதற்கும் பார்ப்போம் என்று குழாய் நீரில் தெர்மாமீட்டரை விட்டேன். 24. கேன் நீரும் ஏறக்குறைய அதுவே. அன்றைக்கு எதையும் எதோடும் கலக்கவில்லை. ஐஸ் இல்லை, டப் இல்லை. ஏழரை நிமிடம், நிமிடத்துக்கு நான்கு முறை கவிழ்ப்பு. வெளியே பக்கத்துக் கோயிலில் திருப்பாவை ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தது.

ஷீட்டை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். நெகட்டிவில் தரை வெளுத்து, கோலம் கறுப்பாக. இழை இழையாக மாவு சிதறியது வரை தெரிந்தது. அம்மா காபி டம்ளரோடு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

“கிட்ட கொண்டா. கை படாம பிடி.”

கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தேன். புள்ளிகளை விரலால் தொடாமல் காற்றிலேயே எண்ணிக்கொண்டு போனாள்.

“மூணாவது வரிசையில ஒரு சுழியை மூடாம விட்டிருக்கேன் பாரு. நேத்து பூரா யாருமே சொல்லலையே.”